பள்ளித் தோட்டம்

வடக்கே சேர்வராயன் மலையும் கிழக்கே கல்வராயன், கொல்லி மலைகளும் அரணென நிற்க, மேற்கிலும் தெற்கிலும் காவிரி வளைந்தோட, இடையே பரந்து கிடப்பது சேலம் நாமக்கல் சமவெளி. 1997ஆம் ஆண்டில் நாமக்கல் தனி மாவட்டமாகப் பிரிந்ததெனினும், மண்ணாலும் தொழிலாலும் இவ்விரு பகுதிகளும் நெருங்கிய உறவுடையன. சேலத்து மாம்பழமும் சவ்வரிசியும் நாடெங்கும் செல்கின்றன. நாமக்கல் முட்டை பள்ளிச் சத்துணவில் இடம்பெறுவதோடு கடல் கடந்தும் போகின்றது.

பிறர்க்கு உணவளிக்கும் இந்நிலத்துப் பிள்ளைகள், தாம் உண்ணும் உணவை அறிந்து உண்கின்றனரா? 2019-21ஆம் ஆண்டுகளில் நிகழ்ந்த தேசியக் குடும்பநல ஆய்வின்படி, தமிழ்நாட்டில் ஆறு மாதம் முதல் ஐந்து வயதுக்கு உட்பட்ட குழந்தைகளுள் நூற்றுக்கு 57 பேர் குருதிச்சோகை உடையவர். அக்குழந்தைகளே வளர்ந்து பள்ளிக்கு வருவோர். சோகையுற்ற பிள்ளை விரைவில் களைப்புறும். பாடத்தில் கருத்தூன்ற இயலாது வருந்தும். ஆசிரியர் அதனைச் சோம்பல் என்று எண்ணிக் கடிதலும் உண்டு.

சோகைக்குக் காரணங்கள் பல. உணவில் இரும்புச்சத்துக் குறைதல் அவற்றுள் தலையாயது. இக்குறைக்கு வறுமை ஒரு காரணம், அறியாமை மற்றொன்று. முன்னாளில் இச்சமவெளியின் மானாவாரிக் காடுகளில் கம்பும் சோளமும் கேழ்வரகும் விளைந்தன. அவற்றின் ஊடே துவரையும் அவரையும் மொச்சையும் வளர்ந்தன. பண்ணைக்கீரையும் தொய்யக்கீரையும் விதைப்பாரின்றியே முளைத்தன. பாட்டி அவற்றை இனங்கண்டு மடியில் பறித்து வந்து கடைந்தாள். இன்று அக்காடுகள் பலவற்றில் மரவள்ளி நிற்கின்றது. மரவள்ளி பணம் தரும் பயிரே. ஆயினும் அதன் கிழங்கில் மிகுதியாக இருப்பது மாவுச்சத்து. பாட்டி கீரையென்று அறிந்ததைப் பேரன் களையென்று கருதி மிதித்துச் செல்கின்றான். ஒரு தலைமுறைக்குள் இவ்வறிவு மறைந்துபோவது பேரிழப்பு அன்றோ?

பசித்த பிள்ளைக்கு உணவளித்தலில் தமிழ்நாடு பிறர்க்கு வழிகாட்டியது. 1920ஆம் ஆண்டில் சென்னை மாநகராட்சிப் பள்ளியில் பகலுணவு தொடங்கியது. 1956ஆம் ஆண்டில் காமராசர் ஆட்சியில் அது மாநிலமெங்கும் பரவியது. 1982ஆம் ஆண்டில் எம்.ஜி.ஆர். ஆட்சியில் சத்துணவுத் திட்டமாக விரிந்தது. 2022ஆம் ஆண்டில் காலை உணவும் சேர்ந்தது. இவ்வாறு உணவு பள்ளிக்கு வந்துவிட்டது. உணவைப் பற்றிய அறிவும் அதனோடு வருதல் வேண்டும். அவ்வறிவை ஊட்டவல்லது பள்ளித் தோட்டமே.

இக்கருத்துப் புதியதன்று. 1937ஆம் ஆண்டில் வார்தாவில் கூடிய மாநாட்டில், கைத்தொழிலோடு இணைந்த ஆதாரக் கல்வியைக் காந்தியடிகள் வற்புறுத்தினார். 2019ஆம் ஆண்டில் இந்திய அரசும் பள்ளிகளில் ஊட்டச்சத்துத் தோட்டம் அமைப்பதற்கான நெறிமுறைகளை வெளியிட்டது.

தோட்டம் கற்பிப்பவை யாவை? பாத்தி அளக்கும் மாணவன் பரப்பளவைக் கற்கின்றான். அவரைச் செடியைப் பிடுங்கி வேர் முடிச்சைக் காணும் மாணவி, காற்றிலுள்ள நைட்ரசன் மண்ணுக்கு உரமாகும் வகையை அறிகின்றாள். சிறுகீரை விதைத்த ஒரு திங்களுக்குள் அறுவடைக்கு வரும். முருங்கை ஒருமுறை வேரூன்றினால் பல்லாண்டு தழை தரும். முருங்கைக்கீரையில் இரும்புச்சத்தும் சுண்ணாம்புச்சத்தும், கண்ணைக் காக்கும் ‘ஏ’ உயிர்ச்சத்தாக உடலில் மாறும் பொருளும் உள்ளன. கீரையோடு எலுமிச்சையோ நெல்லியோ சேர்ந்தால் அதிலுள்ள இரும்புச்சத்தை உடல் நன்கு ஏற்கும். உண்டவுடன் தேநீர் பருகினால் அது குறையும். இவற்றை ஏட்டில் படித்தவர் தேர்வில் எழுதுவர். பயிரிட்டுப் படித்தவர் வீட்டில் சொல்வர். தட்டின் ஓரத்தில் கீரையை ஒதுக்கும் பிள்ளையும் தான் நீர் வார்த்த கீரையை விருப்போடு உண்ணும்.

தோட்டத்திற்குத் தடைகள் இல்லாமல் இல்லை. இச்சமவெளி வறட்சி அறிந்த நிலம். கோடை விடுமுறையில் நீர் வார்ப்பார் யார் என்று வினவுவோர் உளர். ஆடு மேய்ந்துவிடும் என்று அஞ்சுவோரும் உளர். மாணவர் கைகழுவும் நீரைச் சிறு வாய்க்கால் வழியே பாத்திக்குத் திருப்பலாம். கிளுவை வேலி ஆட்டைத் தடுக்கும். விடுமுறைக்கு முன் கீரைப் பாத்திகளை அறுத்து முடித்து, வறட்சி தாங்கும் முருங்கையை மட்டும் நிறுத்தலாம். இடமற்ற பள்ளியிலும் மதிலோரத்தில் ஒரு முருங்கைக்கு இடமுண்டு.

மூன்று செய்திகளில் மட்டும் எச்சரிக்கை வேண்டும். தோட்டவேலை தண்டனையாதல் கூடாது; குற்றம் செய்தவன் கையில் மண்வெட்டியைக் கொடுத்தால் உழவே இழிவென்னும் எண்ணம் பிள்ளைகள் உள்ளத்தில் பதியும். அவ்வேலை ஏழைப் பிள்ளைகளுக்கும் பெண்பிள்ளைகளுக்கும் மட்டும் உரியதாதலும் கூடாது. ஆசிரியர் உட்பட எல்லாரும் முறைவைத்துச் செய்தல் வேண்டும். தோட்டம் இருக்கின்றது என்று காட்டிச் சத்துணவுக்குரிய காய்கறிச் செலவைக் குறைத்தலும் கூடாது. சில சென்ட் நிலத்தில் விளைவது நூறு பிள்ளைகளின் அன்றாட உணவுக்குப் போதாது. தோட்டத்தின் முதற் பயன் அறிவு. கீரை அதன் கைம்மாறு.

திருக்குறளின் 95ஆம் அதிகாரத்திற்கு ‘மருந்து’ என்பது பெயர். அதிற் பெரிதும் கூறப்படுவதோ உண்ணும் முறை. உணவறிவே முதல் மருந்து என்பது அந்நாளிலேயே கண்ட உண்மையாகும். அம்மருந்தை விளைவிக்கக் களஞ்சியம் நிறைந்த பொருள் வேண்டுவதில்லை. பள்ளிக்குப் பின்புறம் வறிதே கிடக்கும் சிறு நிலமும், கைகழுவிய நீரும், ஒரு பிடி விதையும், நாள்தோறும் சிறிது நேரமும் போதும். நாட்டுக்கு முட்டையும் மாம்பழமும் அனுப்பும் சமவெளி, தன் பிள்ளைகளின் தட்டில் தன் மண்ணின் கீரையையும் இடுவதே முறையாகும்.