தாய்மாரின் நித்திரை

45 வயதைக் கடந்த ஸ்திரீயொருத்தி இரவெல்லாம் விழித்திருப்பாளாயின் "வயதாகிவிட்டது" என்கிறோம். பகலில் சிடுசிடுப்பாளாயின் "குணம் மாறிவிட்டது" என்கிறோம். இவ்விரு தீர்ப்புகளும் அநீதியானவை என்பதே நம் அபிப்பிராயம்.

மாதவிடாய் நிற்கும் பருவம் நம் நாட்டு மாதருக்குச் சராசரியாக 46, 47 வயதிலும், மேல்நாட்டாருக்கு ஏறக்குறைய 51 வயதிலும் வருகிறது. அதற்குச் சில ஆண்டுகள் முன்னரே, சூற்பையில் ஊறும் ஈஸ்ட்ரோஜன் ஏறியும் இறங்கியும் தடுமாறத் தொடங்கும். அதனால் தேகத்தின் உஷ்ணத்தை ஆளும் மூளைப் பகுதி நிலைகுலைந்து, அற்ப வெப்பத்தையும் பெருவெப்பமெனக் கொள்கிறது. நடுநிசியில் முகமும் மார்பும் கொதித்து, வியர்வையில் புடவை நனைய விழித்துக்கொள்வது இதனாலேயே. நம் சித்திரை வெயிலில் இதைப் புழுக்கமென்றெண்ணி விசிறியைத் தேடுவோர் பலர். உறக்கத்தில் மூச்சுத் தடைப்படும் நோயும் இப்பருவத்திற்குப்பின் அதிகரிக்கிறது. குறட்டையென்று நகைத்துவிடுவதால் அது வெளிப்படுவதில்லை. மனச்சோர்வோ, முன்னரே அந்நோயுற்றிருந்தவரை விசேஷமாகத் தாக்கும். உறக்கமின்மை சோர்வை வளர்க்க, சோர்வு உள்ள உறக்கத்தையும் கெடுக்கும்.

பரிகாரம் இல்லாமலில்லை. 2002ஆம் ஆண்டில் அமெரிக்காவில் நடந்த பெரியதோர் ஆராய்ச்சி, ஹார்மோன் சிகிச்சையால் மார்புப் புற்றுநோய் முதலியன சிறிது கூடுமெனக் கண்டு இடையில் நிறுத்தப்பட்டது. அதுமுதல் வைத்தியரும் நோயாளரும் ஒருங்கே அஞ்சினர். அவ்வச்சம் அளவுகடந்தது. 60 வயதுக்குட்பட்டு, மாதவிடாய் நின்று 10 ஆண்டு கடவாத ஆரோக்கியமுள்ளோருக்குப் பெரும்பாலும் நன்மையே மிகுதியென்று பின்வந்த ஆய்வுகள் காட்டின. மார்புப் புற்றுநோய் கண்டவருக்கு அது ஆகாது. மருந்தின்றி, உறங்கும் பழக்கங்களையும் உறக்கம் வாராதோவென்னும் அச்சத்தையும் திருத்தும் மனோசிகிச்சையும் உண்டு. இவற்றையெல்லாம் விட்டு, தூக்க மாத்திரையை மட்டும் மாதக்கணக்கில் விழுங்கச் செய்வது வைத்தியமாகாது.

தமிழ்நாட்டில் 2021ஆம் ஆண்டு தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் என்னும் திட்டத்தின்படி இல்லந்தோறும் செல்லும் பெண்கள், இரத்த அழுத்தத்தையும் சர்க்கரையையும் சோதிக்கிறார்கள். "இரவில் உறங்குகிறீர்களா, அம்மா?" என்னும் வினாவையும் அவர்கள் வினவுதல் வேண்டும் என்போம். இல்லையென்னும் விடை வந்தால் என் செய்வதென்று ஆரம்ப சுகாதார நிலையத்து வைத்தியரும் அறிந்திருத்தல் வேண்டும். இன்றேல் வினா வீண்.

விடுமுறைக்கு இல்லஞ்செல்லும் நம் மாணவ மாணவியரும் இதனைக் கேட்கலாம். தந்தையாரும் தமையன்மாரும் சூழ்ந்திருக்கையில் மெய்யான விடை வாராது. ஆதலால் அடுக்களையில் தனித்துக் கேட்பதே உசிதம்.