முதல் நாள் காய்ந்த மண், மறுநாள் சேறு!
மலைப்பாதை சைக்கிள் பந்தயத்தில் மழை செய்த வேலை

மலைமேல் சைக்கிள் ஓட்ட முடியுமா? முடியும். அதற்கென்றே தடித்த டயர் போட்ட சைக்கிள்கள் இருக்கின்றன. 1996-ம் ஆண்டு முதல் ஒலிம்பிக்கிலும் இந்தப் பந்தயம் நடக்கிறது.

இதில் பக்கத்தில் வருபவர் மட்டும் எதிரி அல்ல. சக்கரத்துக்குக் கீழே இருக்கும் மண்ணும் எதிரிதான்!

ஒரே மலை

2021-ம் ஆண்டு டோக்கியோ ஒலிம்பிக்கில், ஜப்பானின் ஈசு நகரில் இந்தப் பந்தயம் நடந்தது. ஒரு சுற்று சுமார் 4 கிலோ மீட்டர்.

ஜூலை 26-ந் தேதி ஆண்கள் ஓட்டினார்கள். பாதை காய்ந்து இருந்தது. பிரிட்டன் வீரர் டாம் பிட்காக் தங்கம் வென்றார். அவருக்கு வயது 21.

பிறகு மழை வந்தது. மறுநாள் பெண்கள் பந்தயம். அதே மலைதான். ஆனால் பாறை வழுக்கியது. மண் சேறாகி விட்டது. சுவிட்சர்லாந்து வீராங்கனை ஜோலண்டா நெப் முதலாவதாக வந்தார். அடுத்த இரண்டு இடங்களும் அவர் நாட்டுப் பெண்களுக்கே!

மண்ணின் குணம்

களிமண் துகள் மிகவும் நுண்ணியது. தண்ணீரைப் பிடித்தால் லேசில் விடாது. டயரில் அப்பிக்கொள்ளும். மணலில் தண்ணீர் உடனே இறங்கிவிடும். ஆனால் காய்ந்த மணலில் சக்கரம் புதையும்.

இரண்டும் அளவோடு கலந்த மண்ணே நல்லது. அதில் புட்டு மாவின் பதத்துக்கு ஈரம் இருக்கவேண்டும். பிடித்தால் பிடிபட வேண்டும். உதிர்த்தால் உதிர வேண்டும். அந்தப் பதத்தில் டயர் வழுக்காது.

தண்ணீருக்கு வழி

மலை உச்சியிலிருந்து நேராகக் கீழே பாதை போட்டால், மழைத் தண்ணீரும் அதிலேயே ஓடும். மண்ணை அரித்துவிடும். ஆகவே பாதையைச் சரிவின் குறுக்கே வளைத்து வெட்டுகிறார்கள். மலைச்சரிவில் பாதி அளவுக்கு மேல் பாதையின் சரிவு இருக்கக் கூடாது என்பது கணக்கு. பாதையின் வெளி ஓரத்தையும் சற்றுத் தாழ்த்துகிறார்கள். தண்ணீர் பக்கவாட்டில் வழிந்துவிடும்.

பூட்டுவது சரியா?

மழை பெய்தால் பல நாடுகளில் இந்தப் பாதைகளை மூடிவிடுகிறார்கள். "விடுமுறை நாளில்தானே ஓட்ட முடியும்? அன்றும் தடையா?" என்று சிலர் கேட்கலாம். கேள்வி நியாயம்தான்.

ஆனால் ஈர மண்ணில் ஒரு சக்கரம் போனால் பள்ளம் விழும். அடுத்த மழையில் அந்தப் பள்ளமே வாய்க்கால் ஆகும். சேற்றுக்குப் பயந்து ஓரமாக ஓட்டினாலோ, பாதை அகலமாகிப் புல்லும் செடியும் அழியும். மண்வெட்டி பிடித்துப் பாதை போட்டவர்களின் உழைப்பு வீண்!

டயரின் தடம் ஆழமாகப் பதிகிறதா? உடனே திரும்பிவிட வேண்டும். வெயில் காயும் வரை பொறுத்தால், பாதை எல்லோருக்கும் மிஞ்சும்.