பைன் காட்டில் கூடாரம்

பிரான்சு நாட்டின் தென்மேற்குக் கடற்கரை. அங்கே லேர் என்ற ஆறு கடலில் கலக்கிறது. சுற்றிலும் பைன் மரக்காடு. கோடை வந்தால் குடும்பம் குடும்பமாக வந்து கூடாரம் அடிக்கிறார்கள். படுக்கையும் அடுப்பும் உள்ள மோட்டார் வண்டியிலேயே குடியிருப்பவர்களும் உண்டு.

இது பணக்காரர் பொழுதுபோக்கு என்று எண்ண வேண்டாம். 1936-ல் அந்நாட்டுத் தொழிலாளருக்குச் சம்பளத்துடன் இரண்டு வாரம் விடுமுறை கிடைத்தது. ஓட்டலுக்குப் பணம் இல்லாதவர்களுக்குக் கூடாரமே கை கொடுத்தது.

ஆனால் பைன் மரத்தில் பிசின் உண்டு. அடியில் காய்ந்த ஊசி இலைகள். ஒரு பொறி போதும்!

2022 ஜூலை 12-ந்தேதி, பிலா மணல்மேட்டின் அருகே ஒரு வண்டி பழுதாகித் தீப்பிடித்தது. தீ காட்டுக்குத் தாவியது. ஐந்து முகாம்களில் இருந்த சுமார் 6 ஆயிரம் பேரை இரவோடு இரவாக வெளியேற்றினார்கள். தூக்கம் கெட்டதே என்று முணுமுணுத்தவர்களும் இருந்திருக்கலாம். சில நாளில் அந்த முகாம்கள் எரிந்தன. உயிர்கள் தப்பின. சுமார் 7 ஆயிரம் எக்டேர் காடு கருகியது.

2023-ல் கூடாரங்கள் திரும்பி வந்துவிட்டன.

முகாமே கூடாது என்று நாம் சொல்ல மாட்டோம். தொழிலாளியின் விடுமுறையைப் பறிப்பது நியாயம் அல்ல. ஆனால் மரத்தடியில் நெருக்கி நெருக்கிக் கூடாரம் அடிக்க விடலாமா? இடைவெளி வேண்டும். தப்பி ஓட இன்னொரு சாலை வேண்டும். வெயில் கொளுத்தும் நாளில் விறகு அடுப்பும் சிகரெட்டும் கூடவே கூடாது.

கூடாரங்கள் குறைந்தால் முகாம்காரருக்கு வருமானம் குறையும். குறையட்டும்!