கொழுக்கட்டையும் பல் வைத்தியரும்

அண்மையில் பல்லேகலையிலிருந்து கண்டிக்குப் பஸ்ஸில் வந்துகொண்டிருந்தேன். முன் இருக்கையில் ஓர் இளந்தாய். மடியில் நான்கு வயது மதிக்கத்தக்க மகன். டொபி கேட்டு அடம்பிடித்த பிள்ளையிடம் அவர் சொன்னார்: “சும்மா இருக்காட்டி பல்லு டொக்டர்கிட்ட கொண்டுபோய் ஊசி போடச் சொல்லுவேன்.” பிள்ளை உடனே அடங்கிவிட்டது. இன்னும் ஓரிரு ஆண்டுகளில் அதே பிள்ளை கன்னம் வீங்கி நள்ளிரவில் அழும்போது, அதே தாய்தான் அதே டொக்டரிடம் தூக்கிக்கொண்டு ஓடவேண்டும். அப்போது அவன் எப்படி வாயைத் திறப்பான்?

பல்லைப் பொருட்படுத்தாத சமூகமல்ல நம்முடையது. முதற்பல் முளைத்ததும் தேங்காய்ச் சொட்டைப் பல்லாகப் பதித்துக் கொழுக்கட்டை அவித்து, பிள்ளையின் தலையிற் கொட்டி, ஊரை அழைத்துப் பல்லுக்கொழுக்கட்டை கொண்டாடுகிறோம். விழும் பல்லைக் கூரையில் எறிந்து அணிலிடம் புதுப்பல் கேட்கிறோம். இவ்விரண்டு சடங்குகளுக்கும் இடைப்பட்ட ஐந்தாறு ஆண்டுகளில் அந்த இருபது பாற்பற்களுக்கு என்ன நேர்கிறது என்பதைத்தான் நாம் கவனிப்பதில்லை. “விழப்போகிற பல்லுத்தானே” என்பது பலரது வாதம். நிரந்தரப் பல்லுக்கு இடம்பிடித்து வைத்திருப்பது பாற்பல்தான் என்பதையும், சில பாற்கடைவாய்ப்பற்கள் பத்துப் பன்னிரண்டு வயதுவரை இருக்கவேண்டியவை என்பதையும் அவர்கள் மறந்துவிடுகிறார்கள். சீனி போட்ட பாற்போத்தலை வாயில் வைத்தபடியே உறங்கவிடும் வழக்கம் போதும், மேல்முன்பற்களை அரித்துவிட.

முதற்பல் முளைத்ததும், பிந்தினால் முதலாவது பிறந்தநாளுக்குள், பல் வைத்தியரிடம் காட்டவேண்டும் என்பது இன்றைய குழந்தைப் பல் மருத்துவத்தின் பரிந்துரை. கொழுக்கட்டை அவிக்கும் அதே பருவந்தான்! வலி இல்லாதபோது செல்லும் அந்த முதற்பயணத்தில் ஊசியுமில்லை, குறடுமில்லை. பல்லை எண்ணிப் பார்த்து அனுப்பிவிடுவார்கள். வலி வந்தபின் முதன்முதலாகப் போகும் பிள்ளைக்கோ வைத்தியரும் வலியும் ஒன்றாகவே மனத்திற் பதிகின்றன.

கண்டிப் பகுதியினருக்கு வசதியில்லை என்றும் சொல்வதற்கில்லை. பேராதனையில் பல் போதனா வைத்தியசாலை இருக்கிறது. பாடசாலைப் பற்சிகிச்சை நிலையங்களும் இருக்கின்றன. இந்தப் பாடசாலை முறைக்கு முன்னோடி 1921இல் நியூசிலாந்தில் தொடங்கியது. அந்நாட்டுச் சிறுவர்கள் அந்த நிலையங்களைக் ‘கொலைக்கூடம்’ என்று அழைத்தார்களாம். அச்சம் நமக்கு மட்டும் உரியதல்ல என்பதற்காகச் சொல்கிறேன்.

அமெரிக்கப் பல் மருத்துவர் அடெல்ஸ்டன் 1959இல் ஒரு முறையை எழுதிவைத்தார்: முதலில் சொல், பிறகு காட்டு, அதன்பின் செய். இதை வீட்டிலேயே தொடங்கலாம். ஆனால் “வலிக்கவே வலிக்காது” என்று மட்டும் சொல்லாதீர்கள். ‘வலி’ என்ற சொல்லைக் கேட்டிராத பிள்ளைக்கு நீங்களே அதைக் கற்பிக்கிறீர்கள். உண்மையில் வலித்துவிட்டாலோ உங்கள் வாக்கும் போயிற்று. டொபி வாங்கித்தருவதாக ஆசைகாட்டுவதைப் பற்றி நான் சொல்லவேண்டியதில்லை.

எங்கள் ஊருக்கே உரிய ஒரு சிக்கல் உண்டு. மொழி. தமிழ் 1987இன் பதின்மூன்றாவது திருத்தம் முதல் அரசகரும மொழிதான். எனினும் கண்டியில் நாற்காலிக்கு அருகே நிற்பவர் பெரும்பாலும் சிங்களத்திலேயே பேசுவார். வீட்டில் தமிழ் மட்டுமே கேட்டு வளர்ந்த மூன்று வயதுப் பிள்ளைக்கு முகக்கவசம் அணிந்த புதியவர், கண்ணைக் கூசவைக்கும் விளக்கு, அதன்மேல் புரியாத மொழி. தமிழ் தெரிந்த பணியாளரை நியமிக்கும்படி அதிகாரிகளைக் கேட்பது நம் உரிமை. நானும் பத்திரிகையில் பலமுறை எழுதியிருக்கிறேன். அதுவரை பிள்ளையைக் காக்கவைக்க முடியாதே.

ஆகவே என் பேத்தியை அழைத்துச் செல்லுமுன் ஒரு வாரம் விளையாடினோம். டோர்ச் வெளிச்சத்தில் அவள் என் பல்லை எண்ணினாள், கட்டுப்பல்லுக்கும் விலக்களிக்கவில்லை. பிறகு கரண்டிக் காம்பால் அவளுடைய பல்லை நான் எண்ணினேன். “கட்ட அரின்ன” என்றால் வாயைத் திற என்று பொருள், “ரிதெனவாத?” என்றால் வலிக்கிறதா என்று கேட்கிறார்கள் எனச் சொல்லிக்கொடுத்தேன். நித்திரைத் தூக்கமோ பசியோ இல்லாத காலை வேளையைத் தேர்ந்தோம். தாயின் மடியிலேயே இருத்திப் பார்க்கும்படி கேட்டபோது வைத்தியர் மறுக்கவில்லை. அவர் “கட்ட அரின்ன” என்று சொன்னாரோ இல்லையோ, அவள் அகலத் திறந்தாள். ஐந்து நிமிடந்தான்.

திரும்பும் வழியில் பஸ்ஸில் அவள் கேட்ட ஒரே கேள்வி: “தாத்தா, அணிலுக்கு எப்ப பல்லுக் குடுக்கலாம்?” இன்னும் மூன்று வருடம் பொறுக்கவேண்டும் என்றேன். முகம் சுருங்கிப் போயிற்று.