தண்ணீர் மீட்டர் ஈயத்தைக் காட்டுமா?

இப்போது பல வீடுகளில் பேனா மாதிரி ஒரு மீட்டர் வைத்திருக்கிறார்கள். டம்ளர் தண்ணீரில் விட்டால் 'டி.டி.எஸ். 140' என்று காட்டுகிறது. உடனே, ''எங்க வீட்டுத் தண்ணி சுத்தம் டாக்டர், நாங்களே அளந்து பார்த்துட்டோம்!'' என்கிறார்கள்.

மீட்டர் பொய் சொல்லவில்லை. ஆனால், அது சொல்வது கரைந்திருக்கும் உப்புகளின் மொத்தக் கணக்கை மட்டும்தான். ஈயத்துக்கு நம் நாட்டுக் குடிநீர்த் தரம் வைத்திருக்கும் வரம்பு லிட்டருக்கு 0.01 மில்லிகிராம். அதைவிடப் பத்து மடங்கு இருந்தாலும் 0.1தான். ஒன்று, இரண்டு என்று எண்ணுகிற மீட்டருக்கு இது எங்கே தெரியப்போகிறது?

எங்கள் வைத்தியக் கணக்கில் சொல்கிறேன். குன்றிமணி எடை என்பது சுமார் 130 மில்லிகிராம். அந்த ஒரு மணி எடை ஈயம் கரைந்தால் போதும், 12,000 லிட்டர் டாங்கர் லாரித் தண்ணீர் முழுவதும் வரம்பைத் தாண்டிவிடும்!

இத்தனை கொஞ்சத்தை எப்படி அளப்பது? முதலில் பிரித்துச் சேர்க்க வேண்டும். உலோகங்களைக் கவ்விப் பிடிக்கிற ஒருவகைப் பிசின் மணிகள் உண்டு. அவற்றைக் கண்ணாடிக் குழாயில் நிரப்பி, ஒரு லிட்டர் தண்ணீரை மெதுவாக இறக்குவார்கள். சோடியம் போன்ற சாதா உப்பு வழிந்து போய்விடும். ஈயம், காட்மியம் எல்லாம் மணிகளில் தங்கிவிடும். பிறகு பத்து மில்லி நைட்ரிக் அமிலம் விட்டுக் கழுவி இறக்கினால், ஒரு லிட்டரில் இருந்தது பத்து மில்லியில் வந்துவிடும். கஷாயத்தை எட்டுக்கு ஒன்றாகக் குறுக்குகிறோமே, அந்த மாதிரி. இங்கே அடுப்பு இல்லை, குறுக்கம் நூறு மடங்கு! ஒவ்வொரு உலோகமும் தனக்கே உரிய ஒளியைத்தான் விழுங்கும் என்பதை வைத்து அளக்கிற கருவிக்கு 1955-ல் வழி காட்டியவர் ஆஸ்திரேலியாவின் ஆலன் வால்ஷ். பிரிக்காமலே நேராக அளக்கும் நவீனக் கருவிகளும் இன்று உண்டு.

கருவி எதுவானாலும், மாதிரித் தண்ணீரைப் பிடிப்பதில் கோட்டை விட்டால் எல்லாம் வீண். அமெரிக்காவின் ஃப்ளிண்ட் நகரத்தைப் பாருங்கள். 2014-ல் குடிநீரை ஆற்றுக்கு மாற்றினார்கள். அந்தத் தண்ணீர் பழைய குழாய்களை அரித்து ஈயம் கலந்தது. அதிகாரிகளோ, மாதிரி பிடிப்பதற்கு முந்தின இரவே குழாயைச் சில நிமிஷம் ஓடவிடச் சொன்னார்கள். தேங்கி ஊறிய ஈயம் ஓடிப் போச்சு, ரிப்போர்ட்டில் எண் குறைந்தது. குடித்தவர்கள் பிள்ளைகள்! பெரியவர்களைவிட நாலைந்து மடங்கு ஈயத்தைக் குழந்தையின் உடம்பு உறிஞ்சிக்கொள்ளும்.

''கொதிக்க வச்சுத்தானே குடிக்கிறோம்?'' என்பீர்கள். கொதித்தால் கிருமி சாகும். ஈயம் ஆவியாகாது. தண்ணீர் வற்ற வற்ற அது கூடத்தான் செய்யும். தேற்றான்கொட்டை உரைத்தால் கலங்கல் தெளியும். கரைந்த ஈயம் போனதா என்று கண் சொல்லாது.

''ரசமும் தாளகமும் நம்ம மருந்துதானே, துளி உலோகத்துக்கு ஏன் பயம்?'' என்று எங்கள் ஆட்களே சிலர் கேட்பதுண்டு. எனக்கு இதில் கொஞ்சமும் சம்மதமில்லை. சுத்தி செய்து, நிறுத்து, பத்தியத்தோடு கொடுப்பது மருந்து. குழாயில் வருகிற ஈயத்துக்கு ஏது சுத்தி, ஏது பத்தியம்? அளந்து கொடுக்கத் தெரிந்த வைத்தியன்தான் தண்ணீரையும் அளக்கச் சொல்லி முதலில் சத்தம் போட வேண்டும்.

தோல், சாயப் பட்டறைகள் பக்கம் போர் போட்டிருப்பவர்களும், கைக்குழந்தைக்குப் புட்டிப்பால் கரைக்கிறவர்களும் தள்ளிப்போடாதீர்கள். ஆய்வுக்கூடத்திலேயே புட்டியைக் கேட்டு வாங்குங்கள். நைட்ரிக் அமிலம் சேர்க்காவிட்டால் உலோகம் புட்டியின் சுவரிலேயே ஒட்டிக்கொள்ளும். குழாயில் ஈயம் இருக்குமோ என்ற சந்தேகமானால், காலையில் முதல் தண்ணீரையே பிடியுங்கள். ரிப்போர்ட்டில் ஈயம், ஆர்சனிக், காட்மியம், குரோமியம், பாதரசம் என்று தனித்தனியே எண் இருக்க வேண்டும். 'இல்லை' என்று மட்டும் எழுதியிருந்தால், ''எந்த அளவு வரைக்கும் பார்த்துட்டு இல்லைங்கறீங்க?'' என்று தைரியமாகக் கேளுங்கள். 0.05-க்குக் கீழே பார்க்க முடியாத கருவி சொல்லும் 'இல்லை', 0.01-க்குப் பதிலாகாது.