செத்த வாத்தின் காலில் ஒரு ரசீது

அமெரிக்காவில் வாத்து வேட்டைக்குப் போகிறவர்களின் கழுத்தில் ஒரு கயிறு தொங்கும். வாத்து மாதிரி குரல் கொடுக்கும் ஊதலை மாட்டி வைக்கும் கயிறு அது. சிலர் அதில் அலுமினிய வளையங்களையும் வரிசையாகக் கோர்த்திருப்பார்கள். ஒவ்வொன்றும் சுட்ட பறவையின் காலில் இருந்து கழற்றியது. வளையம் போட்ட வாத்து சிக்குவது அபூர்வம் என்பதால் வேட்டைக்காரர்கள் மத்தியில் அது ஒரு பதக்கம் மாதிரி!

வைத்துக்கொள்ளட்டும், அதற்குத் தடை இல்லை. ஆனால் அதில் பொறித்திருக்கும் எண்ணைத் தெரிவிக்காமலே மாட்டிக்கொள்கிறார்களே, அதுதான் தப்பு.

கதை பழையது. கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்தில் ஜாக் மைனர் என்பவர் 1909-ல் ஒரு காட்டு வாத்தின் காலில் தன் முகவரி பொறித்த தகட்டை மாட்டிப் பறக்கவிட்டார். 1910 ஜனவரியில் தென் கரோலினாவில் ஒருவர் அதைச் சுட்டார். சுட்டவர் தகவல் சொன்னதால்தான் அந்த வாத்து எங்கே போனது என்று தெரிந்தது. சொல்லாமல் விட்டிருந்தால் மைனருக்கு அது தொலைந்துபோன வாத்து, அவ்வளவுதான்.

1920-ல் அமெரிக்க அரசே இந்த வேலையைக் கையில் எடுத்தது. பொறுப்பேற்ற ஃபிரெடெரிக் லிங்கன், வந்து சேர்ந்த தகவல்களை வைத்து வட அமெரிக்கப் பறவைகள் வலசை போகும் நான்கு பெரும் பாதைகளை வரைந்தார். 1930-ல் ஒரு எளிய கணக்கையும் சொன்னார். பி.காம். படிப்பவர்களுக்கு இது பிடிக்கும்.

ஒரு உதாரணம். 1000 வாத்துகளுக்கு வளையம் போட்டார்கள். அந்தப் பருவத்தில் வேட்டையில் மொத்தம் 50,000 வாத்துகள் செத்தன. வளையம் போட்டதில் 100 செத்தன, அத்தனையும் தெரிவிக்கப்பட்டன. அதாவது பத்தில் ஒன்று. அப்படியானால் மொத்த வாத்துகள் 5 லட்சம். இப்போது 50 பேர் மட்டும் தகவல் சொல்லி, மற்ற 50 பேர் வளையத்தைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு சும்மா இருந்துவிட்டார்கள் என்று வையுங்கள். கணக்குப்படி வாத்துகள் 10 லட்சம் ஆகிவிடும்! இல்லாத 5 லட்சம் வாத்துகள் காகிதத்தில் பறக்கும். அதை நம்பி, ஒருவர் ஒரு நாளைக்கு எத்தனை சுடலாம் என்ற வரம்பைத் தளர்த்தினால் என்ன ஆகும்? ரசீது கொடுக்காத செலவு லாபமாகத் தெரியுமே, அதே கதைதான்.

இது வெறும் கற்பனை பயம் இல்லை. 1990-களின் தொடக்கம் வரை மல்லார்ட் வாத்துகளின் வளையங்களில் ஏறத்தாழ மூன்றில் ஒன்றுதான் தெரிவிக்கப்பட்டது. கடிதம் எழுத யாருக்குப் பொறுமை? பிறகு வளையத்தில் இலவசத் தொலைபேசி எண்ணையும், அதற்கும் பிறகு இணைய முகவரியையும் பொறித்தார்கள். தகவல் வருவது 70 சதவீதத்தைத் தாண்டியது. ஆக, மக்கள் கெட்டவர்கள் இல்லை, சோம்பேறிகள்! 100 டாலர் பரிசு என்று பொறித்த வளையங்களும் போட்டு, அவை எத்தனை திரும்பி வருகின்றன என்று ஒப்பிட்டு, விடுபட்டதை ஆய்வாளர்கள் கணித்துச் சரிக்கட்டுகிறார்கள். ஆனால் மதிப்பீடு மதிப்பீடுதான். உண்மையான ரசீதுக்கு ஈடாகாது.

"நான் வேட்டையாடும் இடம் மற்றவர்களுக்குத் தெரிந்துவிடுமே" என்று சிலருக்குத் தயக்கம். வேறு சிலர் மறந்தேபோகிறார்கள். இரண்டுமே பெரிய காரணம் இல்லை. இணையத்தில் எண்ணையும் தேதியையும் இடத்தையும் பதிய ஐந்து நிமிடம் போதும். பதிலுக்கு அந்தப் பறவைக்கு எங்கே, எப்போது வளையம் போட்டார்கள் என்ற விவரத்தோடு ஒரு பாராட்டுச் சான்றிதழ் வரும். 1969-ல் ஒஹாயோவில் வளையம் போட்ட ஒரு கனடா பெருவாத்து 2001-ல் ஒன்டாரியோவில் சுடப்பட்டது. வயது குறைந்தது 33! யாரோ ஒருவர் எண்ணைத் தெரிவித்ததால்தான் உலகத்துக்கு இது தெரியும். கழுத்தில் தொங்கும் வளையத்துக்கு இந்தக் கதைதானே மதிப்பு? கதை இல்லாவிட்டால் அது வெறும் தகரத் துண்டு.

"கொன்றுவிட்டு என்ன கணக்கு வேண்டியிருக்கிறது?" என்று கேட்பவர்களும் உண்டு. நியாயமான கேள்வி. வேட்டையே கூடாது என்பவர் அப்படியே சொல்லட்டும். ஆனால் வேட்டை சட்டப்படி நடக்கும் நாட்டில், அதற்கு வரம்பு போட உதவும் முக்கியமான கணக்குகளில் ஒன்று இது. பறவை செத்தது செத்ததுதான். அது சுமந்து வந்த தகவலும் சேர்ந்து சாக வேண்டுமா?

இந்தியாவில் 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் இருப்பதால் துப்பாக்கிப் பேச்சுக்கே இடமில்லை. ஆனால் வளையம் இங்கேயும் உண்டு. கோடியக்கரையில் பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகம் பல ஆண்டுகளாகப் பறவைகளுக்கு வளையம் போட்டிருக்கிறது. கரையில் செத்துக் கிடக்கும் பறவையின் காலில் ஏதாவது மின்னினால், சாவிக்கொத்தில் மாட்டும் முன் அதில் எழுதியிருப்பதைப் படியுங்கள். யாரோ ஒருவர் பதிலுக்காகக் காத்திருக்கிறார்.