'இயல்பு' என்னும் ஏமாற்று

தருமபுரி மாவட்டத்திலிருந்து பெங்களூருக்கும் திருப்பூருக்கும் கூலி வேலைக்குச் செல்வோருக்கு உடலுழைப்பே மூலதனம். அந்த மூலதனத்தை ஓசையின்றி அரிக்கவல்லது நாள்பட்ட கல்லீரல் அழற்சித் தீநுண்மி.

2022-ஆம் ஆண்டில் இந்தியாவில் ஏறத்தாழ 2.98 கோடி பேர் ஹெபடைடிஸ் 'பி' தொற்றுடனும், 55 லட்சம் பேர் 'சி' தொற்றுடனும் வாழ்ந்ததாக உலக சுகாதார அமைப்பு மதிப்பிட்டுள்ளது. அவர்களில் மிகப் பெரும்பாலோர் அதை அறியார்.

வழக்கமான ரத்தப் பரிசோதனையில் கல்லீரல் நொதிகளின் அளவு 'இயல்பு' என்றிருந்தால் நிம்மதி கொள்கிறோம். தொற்று நீடிக்கும்போதும் அந்த அளவு இயல்பாகவே இருக்கக்கூடும். தீநுண்மியின் மேற்பரப்புப் புரதத்தைத் தேடும் தனிப் பரிசோதனையே 'பி' வகையைக் காட்டும். 'சி' வகைக்கு எதிர்ப்பொருள் பரிசோதனை வேண்டும். சிலரிடம் மேற்பரப்புப் புரதமும் தென்படாமல் 'பி' தொற்று ஒளிந்திருப்பதுண்டு.

2018-இல் தொடங்கிய தேசியக் கட்டுப்பாட்டுத் திட்டத்தில் பரிசோதனையும் மருந்தும் இலவசம். 'சி' வகையைச் சில மாத மாத்திரைகளிலேயே குணப்படுத்தலாம்; 'பி' வகையைக் கட்டுக்குள் வைக்கலாம். ஆயினும், அறிகுறி இல்லாதவர் ஒரு நாள் கூலியை இழந்து மருத்துவமனைக்கு வருவாரா?

அண்டை மாவட்டமான கிருஷ்ணகிரியில் 2021-இல் தொடங்கப்பட்ட 'மக்களைத் தேடி மருத்துவம்' இதற்கு வழிகாட்டுகிறது. சர்க்கரை நோய்க்கும் ரத்த அழுத்தத்துக்கும் வீடு தேடி வரும் ஊழியர்கள், ஒவ்வொருவருக்கும் வாழ்நாளில் ஒருமுறையேனும் இப்பரிசோதனையையும் செய்யட்டும். கல்லீரல் சுருங்கிய பின் சிகிச்சைக்காக விற்கப்படும் நிலத்தின் மதிப்போடு ஒப்பிட்டால், இதற்கு அரசு செலவிடும் தொகை மிகச் சிறிது.